சைகஸ் குருத்தும் நாட்டுமாரனும்

"நேத்து வரைக்கும் குருத்து தளதளன்னு இருந்துச்சு, இன்னைக்குப் பாத்தா வெறும் குச்சி நிக்குது." குட்டைப் பனைபோலத் தெரியும் அழகுச்செடியான சைகஸ் வைத்திருக்கும் வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்கிற புலம்பல் இது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் புதுவீடு கட்டினால் வாசலின் இரண்டு பக்கமும் ஒரு ஜோடி சைகஸ் வந்துவிடுகிறது. அதன் பின்னாலேயே ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சியும் வந்துவிடுகிறது. புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பூச்சியைப் பார்த்திருப்பார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மலையாளத்தில் அதற்கு நாட்டுமாரன் என்று பெயர். ஆங்கிலத்தில் பிளெயின்ஸ் கியூபிட், சிங்கப்பூர்ப் பக்கம் சைகாட் புளூ. ஜாவாவில் பிடித்த பூச்சியை வைத்து 1829இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்ற இயற்கை ஆய்வாளர் விவரித்துப் பாண்டவா என்று பெயர் வைத்தார். அறிவியல் பெயர் நெடுநாள் சிலாடீஸ் பாண்டவாவாக இருந்தது, இப்போது லூத்ரோடீஸ் பாண்டவா. மாரன் என்றாலும் கியூபிட் என்றாலும் மன்மதன்தான். நம் மலைகளில் இந்தப் பூச்சி காலங்காலமாக அண்டி வாழும் செடி ஈந்து, அதுவும் ஒரு சைகஸ்தான். அந்த ஈந்தின் ஆண் கூம்பிலிருந்து எடுக்கும் செதில்களை நாட்டுமருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்கிறார்கள். பூச்சிக்குப் பெயர் வைத்தவர்களுக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் இரண்டு பக்கமும் மன்மதன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

இறக்கையை விரித்தால் மூன்று சென்டிமீட்டர் இருக்கும், பெரும்பாலும் அதற்கும் குறைவு. ஆணின் மேற்புறம் வெளிர் ஊதா கலந்த நீலம், ஓரத்தில் மெல்லிய கருங்கோடு. பெண்ணுக்கு நீலம் நடுவில்தான், ஓரம் அகலமாகக் கறுத்திருக்கும். பறக்கும்போது இந்த நீலம் மினுக்கும். உட்கார்ந்ததும் இறக்கையை மூடிக்கொண்டு சாம்பல் நிறமாகிவிடும். கீழ்ப்புறத்தில் வெள்ளைக் கரை கட்டிய வரிகள். பின்னிறக்கையின் கடைக்கோடியில் ஆரஞ்சுக் குல்லா போட்ட கரும்புள்ளி, பக்கத்திலேயே நூல்போல ஒரு வால். பயறு வயலில் திரியும் கிராம் புளூவும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் பின்னிறக்கையின் அடிப்பாகம். நாட்டுமாரனுக்கு அங்கே உடம்பை ஒட்டி வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். கிராம் புளூவுக்கு அந்த வரிசை கிடையாது. கோடையில் வரும் பூச்சிகள் வெளிறிப்போய், வரிகள் மங்கலாக இருக்கும். அது வேறு இனம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும் பூச்சியைக் கொஞ்ச நேரம் கவனித்தால் பின்னிறக்கைகள் இரண்டையும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருப்பது தெரியும். அப்போது அந்த நூல்வால்கள் மீசைபோல ஆடும், கரும்புள்ளி கண்போலத் தெரியும். பல்லியோ ஓணானோ அதைத்தான் தலை என்று நம்பிக் கவ்வும். வாய்க்குக் கிடைப்பது இறக்கைத் துணுக்கு மட்டுமே. வெட்டுக்காயப் பூண்டுப் பூவில் தேன் குடிக்கிற பூச்சிகளில் பின்மூலை கடிபட்டுப் போனவை நிறையத் தென்படும். அத்தனையும் தப்பிப் பிழைத்தவை.

பூச்சியின் வாழ்க்கை முழுவதும் ஒரே விஷயத்தில் தொங்குகிறது: குருத்து. முற்றிய சைகஸ் மட்டையைத் தொட்டுப் பாருங்கள், அட்டைபோல விறைத்திருக்கும், சிற்றிலையான இணுக்கின் நுனி முள்ளாகக் குத்தும். பிறந்த புழுவின் வாயால் அதை ஒன்றும் செய்ய முடியாது. வாழைபோலவோ தென்னைபோலவோ சைகஸ் ஒவ்வொரு மட்டையாக விடுவதும் இல்லை. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, ஒரே வாரத்தில் வட்டமாக அத்தனை குருத்தையும் சேர்த்துத் தள்ளும். முதலில் தண்டின் உச்சியிலுள்ள கொண்டை உப்பும், பழுப்புப் பஞ்சு போர்த்திய நுனிகள் எட்டிப் பார்க்கும். பிறகு மட்டைகள் நேராக எழும்பும். அவற்றின் இணுக்குகள் ஒவ்வொன்றும் கடிகாரச் சுருள்போல உள்நோக்கிச் சுருண்டிருக்கும். ஈந்துக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த சிர்சினாலிஸ் என்ற பெயரே இந்தச் சுருளைக் குறிப்பதுதான். சுருள் பிரிந்து, மட்டை விரிந்து, கரும்பச்சையாகி, கையில் தட்டினால் சலசலக்கும் நிலைக்கு வர மூன்றிலிருந்து நாலு வாரம் ஆகும். பூச்சிக்கு இருக்கும் அவகாசம் அதில் முதல் பாதிதான்.

அதனால் பெண்பூச்சி குருத்து விரியும்வரை காத்திருப்பதில்லை. பஞ்சு நுனி தெரிந்த ஓரிரு நாளிலேயே கொண்டையைச் சுற்றித் தாழ்வாக வட்டமிடத் தொடங்கும். இளம் தண்டில் இறங்கி, இரண்டு எட்டு நடந்து, வயிற்று நுனியை வளைத்து ஒரே ஒரு முட்டை வைக்கும். பறந்துபோய் மறுபடி வந்து இன்னொன்று. அரை மில்லிமீட்டர் அகலமும் பட்டன்போலத் தட்டையான வடிவமும் கொண்ட வெளிர்பச்சை முட்டை அது. ஒரு பூச்சி ஒவ்வொன்றாகத்தான் வைக்கிறது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் உள்ள பெண்பூச்சிகள் எல்லாம் ஒரே குருத்துக்கு வந்து சேர்வதால் ஒரு கொண்டையில் ஐம்பது, நூறு என்று சேர்ந்துவிடும். கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும்: சுருளின் மடிப்பிலும், இணுக்கு தண்டோடு சேரும் கவட்டையிலும் தேடுங்கள்.

முட்டை சில நாளில் பொரிந்துவிடும். முதல் இரண்டு நாள் சேதம் கண்ணுக்கே தெரியாது. ஒரு மில்லிமீட்டர் புழு சுருளுக்குள் இருந்துகொண்டு பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்ல வைப்பது இந்த இரண்டு நாள்தான். புழு வளர வளர இணுக்கை முழுசாகவே தின்னும். கடைசியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, மரவட்டையின் குட்டியைத் தட்டையாக்கியதுபோல இருக்கும். தலை உடம்புக்கடியில் மறைந்திருக்கும். நிறம் பச்சையாகவும் இருக்கும், கருஞ்சிவப்பாகவும் இருக்கும். ஒரே மட்டையில் இரண்டையும் பார்க்கலாம். பிறகு கொண்டைப் பஞ்சுக்குள்ளோ, பழைய மட்டையின் அடியிலோ, தொட்டியின் விளிம்பிலோ இடுப்பில் ஒரு பட்டிழை கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து பறப்பதுவரை மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த மூன்று வாரக் கணக்கை நினைவில் வையுங்கள், வீட்டுச் சைகஸ் சாவது இதில்தான். குருத்து மொத்தமும் போன செடி சும்மா இருக்காது. தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துச் சில வாரங்களில் மறுகுருத்து விடும். அது எழும்பும் நேரத்தில்தான் முதல் குருத்தைத் தின்று வளர்ந்த பூச்சிகள் கூட்டிலிருந்து வெளியே வந்து, அதே கொண்டையைச் சுற்றிக்கொண்டிருக்கும். முதல் தடவை ஐம்பது முட்டை என்றால் இரண்டாம் தடவை இன்னும் கூடுதல். ஒரு குருத்து போவதால் சைகஸ் சாகாது. அடுத்தடுத்து மூன்று குருத்து போனால் தண்டு சுருங்கும், அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். அதற்குப் பின் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் முதல் குருத்தைக் கோட்டைவிட்டவர்கள் இரண்டாவதற்கு வலை கட்டியே ஆக வேண்டும். குருத்து போன கோபத்தில் உரத்தை அள்ளிப் போட்டு மறுகுருத்தை அவசரப்படுத்துவதைப்போல முட்டாள்தனம் வேறு இல்லை.

வலைக்குச் சாதாரணக் கொசுவலைத் துணி போதும். கொண்டை உப்பும்போதே கட்டிவிட வேண்டும். தொட்டியின் ஓரத்தில் நாலு மூங்கில் குச்சி நட்டு, அதன்மேல் வலையைப் போர்த்தி, கீழே தொட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். குச்சிகள் விரியப்போகும் மட்டையைவிட ஒரு சாண் வெளியே இருக்கட்டும். வலை இலையைத் தொட்டால் பூச்சி வெளியே உட்கார்ந்துகொண்டே வயிற்று நுனியைக் கண்ணிக்குள் நுழைத்து முட்டை வைத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறந்துவிடாதீர்கள். சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத் திறப்பு வழியாக ஆடியில் மேற்கிலிருந்தும் மார்கழியில் கிழக்கிலிருந்தும் அடிக்கிற காற்றுக்குத் தளர்வாகக் கட்டிய வலை ஒரு ராத்திரிகூடத் தாங்காது. மட்டை கரும்பச்சையாகிச் சலசலத்ததும் எடுத்துவிடலாம்.

வலை கட்டியும் குருத்து போயிற்று என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முட்டை வைத்த பிறகு கட்டியிருப்பார்கள். புழுக்களை உள்ளேயும், அவற்றைப் பிடித்துத் தின்னும் குளவி, தையல்சிட்டுகளை வெளியேயும் வைத்துப் பூட்டிய கதை அது. கட்டுமுன் சுருள்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, முட்டையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தொட்டிச் செடிக்கு இது பத்து நிமிஷ வேலை. குழாயில் தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் புழு விழும்; முட்டை விழாது, ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தெளிக்கத்தான் வேண்டும் என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, சாயங்காலத்தில் அடியுங்கள். காலையில் அடித்து அதன்மேல் வெயில் பட்டால் இளம் இணுக்கு கருகும். அப்புறம் பூச்சியைப் பழி சொல்லிப் பயனில்லை. பி.டி. பாக்டீரியாப் பொடி புழுவை மட்டும் கொல்லும், ஆனால் எந்தப் புழு என்று பார்க்காது. பக்கத்துக் கறிவேப்பிலையில் இருக்கும் புழுவுக்கும் அதே கதிதான். கடையில் தரும் கடும் விஷ மருந்துகள் எனக்கு உடன்பாடில்லாதவை. சுருளுக்குள் இருக்கும் சின்னப் புழுவை அவை சரியாக எட்டுவதில்லை, வெளியே திரியும் குளவியைத்தான் முதலில் காலி செய்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை, குறிப்பாகச் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு. அங்கே கரிசல் மண் இருக்கிறது, கேரளத்தில் அபூர்வமாகக் காணும் மண். காரத்தன்மை கூடிய அந்த மண்ணில் மாங்கனீஸ் சத்து செடிக்குக் கிடைக்காமல் போகும். அப்போதும் புதுக்குருத்து மஞ்சளாகிச் சுருங்கி, தீய்ந்ததுபோல வரும். அதையும் புழுவென்று நினைத்து மருந்தடித்துக்கொண்டே இருப்பார்கள். புழு தின்ற இணுக்கில் கடித்த ஓரம் இருக்கும், தண்டில் சுரண்டிய தழும்பு இருக்கும், கீழே மிளகாய் விதை அளவுகூட இல்லாத எச்சம் சிந்தியிருக்கும். சத்துக்குறையில் இணுக்கு முழுசாக இருக்கும், ஆனால் முறுக்கிக்கொண்டு வரும். அதற்கு மாங்கனீஸ் சல்பேட்தான் மருந்து. வாடிய மட்டை பச்சையாகாது. அடுத்த குருத்தில்தான் பலன் தெரியும். மட்டையின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியதுபோல இருந்தால் அது செதில்பூச்சி, நாட்டுமாரனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எறும்புக்கு வருவோம். குருத்தில் எறும்பு ஏறி இறங்கினால் உடனே எறும்புப் பொடி போடுகிறவர்கள் உண்டு. எறும்பு அங்கே சைகஸுக்காக வரவில்லை, புழுவுக்காக வருகிறது. கொஞ்சம் வளர்ந்த புழுவின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், குறுக்காக ஒரு சின்னப் பிளவு இருக்கும். எறும்பு தன் உணர்கொம்பால் அதன் பக்கத்தில் தட்டிக் கொடுக்கும். ஒரு விநாடியில் அங்கே தண்ணீர்முத்து ஒன்று எழும்பும், எறும்பு அதை உறிஞ்சும், மறுபடி தட்டும். பிளவுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் வெள்ளை நுனிக் கொம்புகள் உண்டு. புழு மிரண்டால் அவை மின்னல்போல வெளியே வந்து உள்ளே போகும், எறும்புகள் உடனே பரபரக்கும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காவலுக்கு ஆள் வைத்திருக்கிறது புழு. இதற்கு உறவான அட்டாலா என்ற பூச்சி அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் இருக்கிறது, அதுவும் சைகஸ் வகைச் செடியைத்தான் தின்கிறது. அதன் புழு செக்கச்செவேலென்று, "நான் விஷம், தொடாதே" என்று பகிரங்கமாக உட்கார்ந்திருக்கும். நம்முடையது குருத்தின் நிறத்திலேயே பதுங்கிக்கொண்டு எறும்பை நம்புகிறது. எறும்பு வரிசையைக் கண்டால் பொடியை எடுக்காமல் அது முடியும் இடத்தைப் பாருங்கள். புழு எங்கே என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

இனி மலைக்கு. வாசல் சைகஸ் தெற்கு ஜப்பானிலிருந்து வந்த சைகஸ் ரெவல்யூட்டா என்ற இனம். நம்முடையது ஈந்து. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வேறெங்கும் இயற்கையாக வளராத செடி, இன்று அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. டச்சு அதிகாரி வான் ரீட் மலபார்ச் செடிகளைப் பற்றித் தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலின் மூன்றாம் தொகுதியில் (1682) தொட்டப்பனை என்ற பெயரில் இதன் படம் இருக்கிறது. லின்னேயஸ் அதைப் பார்த்துத்தான் 1753இல் பெயரிட்டார். பனை என்ற பெயர் இருந்தாலும் பனைக்கு இது எட்டாத சொந்தம். பூவே கிடையாது, ஆண் மரம் வேறு பெண் மரம் வேறு. கொட்டையில் விஷம் இருக்கிறது. மலபாரில் அதை வெட்டிக் காயவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து மாவாக்கி ஈந்தும்பிடி செய்கிறார்கள். கைப்பழக்கம் இல்லாதவர்கள் செய்து பார்க்கிற பண்டம் இல்லை அது. ஆந்திரப் பக்கம் திருப்பதி மலையில் இதன் தங்கை பெட்டோமி இருக்கிறது. சேஷாசலத்துக்கு வெளியே கிடையாது.

காட்டு ஈந்தை நாட்டுமாரன் தின்று தீர்த்துவிடவில்லையே, ஏன்? அங்கே தீ பட்டாலோ கோடைமழை விழுந்தாலோ சரிவிலுள்ள மரங்கள் கூட்டமாகக் குருத்து விடும். அதற்கு முன்பு மாதக்கணக்கில் குருத்தே இல்லாததால் பூச்சி குறைவு. இருக்கிற கொஞ்சம் முட்டையும் பல மரங்களுக்குப் பங்கு போகும். பூச்சி பெருகி வருவதற்குள் மட்டை முற்றிவிடும். ஊருக்குள் நிலைமை தலைகீழ். ஒரு தெருவில் இருபது சைகஸ், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தண்ணீர், வெவ்வேறு உரம், வெவ்வேறு மாதத்தில் குருத்து. பூச்சிக்கு வருஷம் முழுக்கப் பந்தி. காட்டில் விருந்தாளியாக இருந்தது வாசலில் கொள்ளைக்காரனாக மாறியதற்குக் காரணம் நம் தண்ணீர்க்குழாய்தான். ஒரே தெருக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு கோடைக்குப் பின் ஒரே வாரத்தில் உரமும் தண்ணீரும் கொடுத்தால், குருத்துகள் முன்னும்பின்னும் சில நாளில் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம், சேதமும் பரவலாகிக் குறையும்.

தொட்டிச் சைகஸோடு சேர்ந்து இந்தப் பூச்சி ஊர் ஊராகப் போய்விட்டது. மொரீஷியஸ், எகிப்து, ஜப்பானின் தெற்குத் தீவுகள் எல்லாம் பார்த்தாயிற்று. பசிபிக்கிலுள்ள குவாம் தீவுக்கு 2005இல் போய்ச் சேர்ந்தது. அங்குள்ள காட்டுச் சைகஸை அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஒரு செதில்பூச்சி வாட்டிக்கொண்டிருந்தது. பழைய மட்டையை அது உறிஞ்ச, புதுக்குருத்தை இது தின்ன, மரத்துக்கு இரண்டும் இல்லாமல் போயிற்று. அங்கே இதற்கு எதிரிகளும் கூட வரவில்லை.

தோட்டத்தில் இடமிருந்தால் என் கட்சி ஈந்து நடுவதுதான். விதையின் மேல்தோலை நீக்கிவிட்டு, படுத்தவாக்கில் பாதி புதையும்படி மணல் கலந்த மண்ணில் வையுங்கள். கீழே விழும் விதையில் கரு முழுதாக வளர்ந்திருக்காது. முளைக்க மாதக்கணக்கில் ஆகும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்தும், தண்ணீரை ஊற்றி அழுக வைத்தும்தான் பலர் கெடுக்கிறார்கள். பிறகு மண்ணின் மேற்பரப்பில் இஞ்சிக் கொத்துபோல, பவளம்போலக் கிளைத்த வேர் முண்டுகள் தெரியும். நோய் என்று வெட்டிவிடாதீர்கள். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இடம் அது.

குழந்தைகளுக்குக் காட்டுவதற்காகப் புழு வளர்க்க விரும்பினால், வலை கட்டுமுன் எடுத்த குருத்துத் துண்டே போதும். வெட்டிய குருத்து அரை நாளில் துவண்டுவிடும். தண்ணீர் நிரப்பிய சின்ன மருந்துக் குப்பியில் சொருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லாவிட்டால் புழு தண்ணீரில் இறங்கிச் சாகும். ஒரு டப்பாவுக்கு நாலைந்து புழு போதும், நெரிசலில் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். மூடியில் துளை போட்டு, அடியில் தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். டப்பாவுக்குள் நீர்த்துளி படிந்தால் மறுநாள் பூசணம். முற்றிய இலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம், பட்டினி கிடந்து சாகுமே தவிரத் தொடாது. சுருங்கி நின்றுபோன புழுவின் பக்கத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ அரிசிக் குறுணைபோல ஒரு கூடு கிடந்தால், அதிலிருந்து வரப்போவது குளவி. அதைத் தூக்கிப் போடாமல் டப்பாவோடு கொண்டுபோய்ச் சைகஸ் தொட்டிக்கு அடியில் திறந்து வைத்துவிடுங்கள்.